சிக்னல்கள் நடுவே விரைவழி

வழிகாட்டிச் செயலிகள் செய்வோர் பல நாடுகளில் பயன்படுத்தும் திறந்த மென்பொருள் ஒன்று உண்டு. பெயர் ஓ.எஸ்.ஆர்.எம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயே நகரில் பிறந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் ஓடுகிறது. கார்களுக்கான அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், டிராஃபிக் சிக்னல் பற்றி ஒரே ஒரு எண் இருக்கும்: ஒரு சிக்னலுக்கு 2 வினாடி தாமதம். யு-டர்ன் அடிக்க அதே கோப்பு 20 வினாடி ஒதுக்குகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் 80, 100 வினாடி சிவப்பில் நின்று பழகியவர்களுக்கு இந்த 2 வினாடி வியப்பாக இருக்கும். எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். வேறு எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் அதுவும் பெரும்பாலான சந்திப்புகளில் பொய்த்திருக்கும். சிவப்பின் நீளம் ஊருக்கு ஊர், மணிக்கு மணி, திசைக்குத் திசை மாறுகிறது. வரைபடத்துக்குத் தெரிந்ததோ, 'இங்கே ஒரு சிக்னல் இருக்கிறது' என்பது மட்டும்.

சிக்னல்கள் நிறைந்த சாலை வலையில் மிக விரைவான வழி எது என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறார்கள். கணிதக்காரர்கள், போக்குவரத்துப் பொறியாளர்கள், கணினி அறிஞர்கள் என்று மூன்று கூட்டத்தார் தனித்தனியே வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: கணக்கில் தீர வேண்டியது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது தகவலும் நியாயமும் சம்பந்தப்பட்ட பகுதி.

முந்திப் புறப்பட்டவர் பிந்துவதில்லை

1956இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில், தாள் பேனா இல்லாமல், ஏறத்தாழ 20 நிமிடத்தில் யோசித்து முடித்த முறைதான் இன்றும் அடித்தளம். ஆர்மாக் என்ற புதுக் கணிப்பொறியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மிகக் குறுகிய வழி எது என்று கேட்டார். 1959இல் அது அச்சேறியது. புறப்படும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ஊரை முதலில் முடிவு செய்வது, அதன் வழியாக மற்ற ஊர்களின் தொலைவைத் திருத்துவது, அடுத்து மிஞ்சியதில் அருகில் இருப்பதை முடிவு செய்வது, இவ்வளவுதான் முறை. முடிவு செய்த ஊரை மறுபடி தொட வேண்டியதில்லை என்பதில்தான் அதன் வேகம் இருக்கிறது.

இந்த முறை சாலையின் நீளம் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. சிக்னல் வந்ததும் அந்த எடுகோள் உடைகிறது. ஒரே சாலையைக் கடக்க, எப்போது போய்ச் சேர்கிறோம் என்பதைப் பொறுத்து, அரை நிமிடம் ஆகலாம், இரண்டு நிமிடமும் ஆகலாம். நேரத்தோடு மாறும் வலையில் வழி தேடுவது பற்றி குக்கும் ஹால்சியும் 1966இல் எழுதினார்கள். 1969இல் ஸ்டூவர்ட் டிரைஃபஸ், டைக்ஸ்ட்ராவின் முறையையே அத்தகைய வலைக்கும் நீட்டலாம் என்றார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பது பின்னால் தெளிவானது: ஒரு சாலையில் முந்திப் புறப்பட்டவர் பிந்திப் புறப்பட்டவருக்குப் பின்னால் போய்ச் சேரக் கூடாது.

சிக்னல் இந்த நிபந்தனையை மீறுகிறதா? 120 வினாடிச் சுழற்சி. அதில் நம் திசைக்கு முதல் 40 வினாடி பச்சை, மீதி 80 சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். 50ஆவது வினாடியில் வந்தவரும் 100ஆவது வினாடியில் வந்தவரும் 120இல்தான் கிளம்புகிறார்கள். முன்னவர் முன்னேறவில்லை, ஆனால் பின்னவர் அவரை முந்தவும் இல்லை. ஆக நிபந்தனை காப்பாற்றப்படுகிறது. டைக்ஸ்ட்ராவின் முறையில் ஒரே ஒரு திருத்தம் போதும்: தொலைவுக்குப் பதில் சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருந்தால் அடுத்த பச்சைவரை நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும். சிக்னல்கள் கடிகாரம்போல் மாறாமல் ஓடினால், ஒரு பெருநகரம் முழுவதற்கும் இந்தக் கணக்கை ஒரு கைப்பேசியே நொடியில் முடித்துவிடும். பின்னவரைவிட 50 வினாடி முந்தி வர வழியெல்லாம் ஹாரன் அடித்து விரட்டி வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் இதே கணக்கிலிருந்து கிடைக்கும் செய்திதான். 

சிக்னல் வலைகளுக்கென்றே 2000இல் யென்-லியாங் சென்னும் ஹ்சு-ஹாவ் யாங்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2002இல் ரவீந்திர அஹுஜா, ஜேம்ஸ் ஆர்லின், ஸ்டெஃபானோ பல்லோட்டினோ, மரியா கிராசியா ஸ்குட்டெல்லா ஆகிய நால்வர் இந்தப் பகுதியின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டினார்கள். முறைப்படி மாறும் சிக்னல்கள் உள்ள வலையில் மிகக் குறைந்த நேரத்தில் போகும் வழியைத் திறமையாகக் கண்டுபிடிக்கலாம். மிகக் குறைந்த செலவில் போகும் வழியைக் கேட்டால், கேள்வி பொதுவாக என்.பி.-கடினம் என்ற வகையில் போய் விழுகிறது. அதாவது, வலை பெரிதானால் எந்தக் கணினியும் சமாளிக்கும் என்று சொல்ல முடியாத வகை.

ஒரு சொல் மாறியதும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? நேரம் மட்டும் முக்கியம் என்றால், ஒரு சந்திப்புக்குச் சீக்கிரம் வந்த வழியே எப்போதும் மேல், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம். பெட்ரோலும் முக்கியம் என்றால், சீக்கிரம் வந்து அதிகம் செலவழித்த வழியையும் தாமதமாக வந்து குறைவாகச் செலவழித்த வழியையும் இரண்டையுமே நினைவில் வைக்க வேண்டும். தாமதமாக வந்தவர் அதே பச்சையைப் பிடித்துவிட்டால் அவர்தான் கெட்டிக்காரர். ஒவ்வொரு சந்திப்பிலும் இப்படி நினைவில் வைக்க வேண்டிய வழிகள் பெருகிக்கொண்டே போகின்றன.

சுழற்சி நீளங்கள் வேறுபடுவதும் ஒரு தொல்லை. அடுத்தடுத்த மூன்று சிக்னல்கள் 90, 110, 120 வினாடிச் சுழற்சியில் ஓடினால், அவை மூன்றும் சேர்ந்து காட்டும் கோலம் 3,960 வினாடிக்கு, அதாவது 66 நிமிடத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். இன்று காலை 9 மணிக்குக் கிடைத்த அனுபவம் 9.05க்குப் பயன்படாது.

திருப்பத்துக்குத்தான் விலை

வரைபடத்தில் சந்திப்பை ஒரு புள்ளியாகப் போடுகிறோம். சிக்னலில் நிற்பவருக்கு அது புள்ளி அல்ல. நான்கு சாலைகள் கூடும் இடத்தில், யு-டர்னை விட்டுவிட்டால்கூட, 12 வகையாகப் போகலாம்; ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு வேறு. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் 'ஃப்ரீ லெஃப்ட்' இருக்கும் இடத்தில் இடது திருப்பத்துக்குக் காத்திருப்பே கிடையாது. நேரே போவோருக்கு நடுத்தரம். வலது திரும்புவோர் பாடுதான் திண்டாட்டம். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் அங்கே இடது திருப்பம் இதே நிலையில் இருக்கிறது. யு.பி.எஸ். கூரியர் நிறுவனம் தன் வண்டிகளுக்கு இடது திருப்பங்களை முடிந்தவரை தவிர்த்து வழி வகுப்பது உலகறிந்த செய்தி.

கால்ட்வெல் 1961இலேயே இதற்கு வழி சொன்னார்: சந்திப்புகளைப் புள்ளிகளாக வைக்காமல் சாலைகளைப் புள்ளிகளாக வை, ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புவதைக் கோடாக வை. வலை சில மடங்கு பெருத்துவிடும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனி விலை போடலாம்.

இது ஏன் வெறும் நுணுக்கம் அல்ல என்பதற்கு ஒரு கணக்கு. வலது திருப்பத்துக்கு 120 வினாடியில் 15 வினாடிதான் பச்சை என்றால், எந்த நேரத்திலும் வந்து சேரக்கூடிய ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது எவ்வளவு? சிவப்பின் வர்க்கத்தைச் சுழற்சியின் இரு மடங்கால் வகுத்தால் விடை வரும்: 105 × 105 ÷ 240, ஏறக்குறைய 46 வினாடி. சென்னையில் ஆட்டோ ஓட்டுபவர் பலர் செய்யும் மாற்று வழி உண்டு. சிக்னலில் இடது பக்கம் திரும்பி, 200 மீட்டர் போய், மீடியன் இடைவெளியில் யு-டர்ன் அடித்து, திரும்பி வந்து அதே சந்திப்பை நேராகக் கடப்பது. போய்வர 40 வினாடி, நேர் பச்சைக்காகச் சராசரியாக 27 வினாடி, ஆக 67. காகிதத்தில் இது நஷ்டம். ஆனால் வலது திருப்ப வரிசை நீண்டு ஒரு பச்சையைத் தவறவிட நேர்ந்தால் 46 என்பது 166 ஆகிவிடும். அப்போது ஆட்டோக்காரர் சொல்வதே சரி. இந்த வழி ஒரே சந்திப்பை இரண்டு முறை கடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சந்திப்பைப் புள்ளியாக வைத்த பழைய முறை, ஒரு புள்ளியை ஒரு தடவைக்கு மேல் தொடாது; எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் இந்த வழியைக் கண்டுபிடிக்காது.

மேலே பயன்படுத்திய காத்திருப்புச் சூத்திரம் வெறும் கடிகாரத்துக்கானது. வண்டிகள் வரிசை கட்டும்போது என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் சாலை ஆய்வுக் கூடத்தில் வெப்ஸ்டர் 1958இல் வகுத்தார். சிக்னல் பொறியாளர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். பச்சை விழுந்ததும் ஒரு தடத்தில் ஏறக்குறைய 2 வினாடிக்கு ஒரு கார் கடக்கும். தொடக்கத்தில் ஓரிரு வினாடி வீணாகும். 40 வினாடிப் பச்சையில் 18, 19 கார்கள் தப்பும். வரிசையில் 18ஆவது காருக்கும் 21ஆவது காருக்கும் இடையே சில மீட்டர்கள்தான் தூரம். நேர வித்தியாசமோ ஒரு முழுச் சிவப்பு. சாலை கொள்திறனை நெருங்க நெருங்கத் தாமதம் சீராக ஏறாமல் எகிறுவதற்கு இதுவே காரணம்.

நம் சாலைகளில் தடம் என்பதே பெயருக்குத்தான். அதனால் இந்தியப் பொறியாளர்கள் தடங்களை எண்ணாமல் சாலையின் அகலத்தை மீட்டரில் அளந்து, 525ஆல் பெருக்கி, பச்சை விழுந்தால் மணிக்கு எத்தனை கார் அளவு வண்டிகள் கடக்கும் என்று கணக்கிடுவது வழக்கம். அதிலும் ஒரு குறை மிஞ்சுகிறது. பைக்குகள் வண்டிகளின் இடுக்கில் ஊர்ந்து கோட்டுக்கு முன்னால் போய் நின்றுவிடும். பின்னால் நிற்கும் பேருந்து இரண்டாவது பச்சைக்குக் காத்திருக்கும்போது, அதற்குப் பிறகு வந்த பைக் முதல் பச்சையிலேயே போயிருக்கும். ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, ஒரே நிமிடத்தில் புறப்பட்டாலும், பைக்குக்கு விரைவழி ஒன்று, பேருந்துக்கு வேறொன்று. கூகுள் மேப்ஸ் இருசக்கர வண்டிகளுக்கென்று தனி வழிகாட்டலை 2017இல் முதலில் இந்தியாவில் கொண்டுவந்ததில் அதிசயம் இல்லை.

வழி கேட்டவருக்கு விதி ஒன்று

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ராண்டால்ஃப் ஹால் 1986இல் எழுதியது. பயண நேரம் தற்செயலாக மாறும் வலையில், புறப்படும் முன்பே முழு வழியையும் தீர்மானித்துக்கொள்வது பொதுவாகச் சிறந்ததாகாது என்று அவர் காட்டினார். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த நேரத்து நிலவரத்தைப் பார்த்து என்ன செய்வது என்ற விதியைக் கையில் வைத்துக்கொண்டு போவதே மேல்.

எண்ணிலேயே பார்க்கலாம். மேலே சொன்ன 40 வினாடிப் பச்சை, 80 வினாடிச் சிவப்பு சிக்னல். நேரே போனால் சராசரிக் காத்திருப்பு 26.7 வினாடி. சிக்னலே இல்லாமல் ஃப்ரீ லெஃப்டில் திரும்பிச் சுற்றினால் எப்போதும் 20 வினாடி கூடுதல். முன்கூட்டியே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுற்றுவழிதான்: 20 வினாடி. இப்போது விளக்கின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம் என்று வைப்போம். பச்சை என்றால் நேரே, சிவப்பு என்றால் சுற்று. சராசரி இழப்பு 13.3 வினாடியாக இறங்குகிறது. சிக்னலில் கவுன்ட்டவுன் எண்களும் தெரிந்தால், மீதம் 20 வினாடிக்குக் கீழ் இருக்கும்போது நின்றும், மேல் இருக்கும்போது சுற்றியும் போகலாம், இழப்பு 11.7. சாலை மாறவில்லை, சிக்னல் மாறவில்லை, வண்டியும் அதேதான். தகவல் கூடக்கூட இழப்பு 20 வினாடியிலிருந்து 11.7க்கு இறங்கிவிட்டது. வழியின் மதிப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு தகவலின் மதிப்பு.

சதுரம் சதுரமாகத் தெருக்கள் வெட்டிய மன்ஹாட்டன் போன்ற ஊரில் நடப்பவர்கள் இதைத் தாமாகவே கண்டுகொள்கிறார்கள். வடக்கே பத்துத் தெரு, கிழக்கே பத்துத் தெரு போக வேண்டும். ஒவ்வொரு முனையிலும் எந்தப் பக்கம் பச்சையோ அந்தப் பக்கம் கடந்துவிடலாம். இரண்டு திசைகளிலும் மிச்சம் இருக்கும்வரை நிற்கவே வேண்டாம். வடக்குத் தெருக்களையெல்லாம் முதலிலேயே முடித்துவிட்டவர்தான் பிறகு சிவப்பு வரும்போதெல்லாம் நிற்க வேண்டும். எனவே மூலைவிட்டத்தை ஒட்டியே நடப்பது நல்லது. வழிகள் பலவற்றைக் கைவசம் வைத்திருக்கும் பாதை, தூரம் ஒன்றாகவே இருந்தாலும், நேரத்தில் மேலானது. ஏறிவிட்டால் நடுவில் இறங்கவே முடியாத மேம்பால வழியைச் செயலி காட்டும்போது, இந்த மதிப்பை அது கணக்கில் எடுத்ததா என்று கேட்பது நியாயம்.

எல்லை இங்கேயும் உண்டு. அடைப்புகள் எங்கே என்று முன்னரே தெரியாத வலையில் சிறந்த விதியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினமான கணக்கு என்று பாப்பாடிமிட்ரியூவும் யன்னகாகிஸும் 1991இல் நிறுவினார்கள். நடைமுறையில் இரண்டு மூன்று சந்திப்புகள் முன்னோக்கிப் பார்ப்பதே போதும் என்பது என் கருத்து. பத்து நிமிடப் பயணத்தில் சேரும் நேரம் ஒரு நிமிடம் முன்பின்னாக ஆவது சாதாரணம். அந்த ஒரு நிமிடம் அரைச் சுழற்சி. ஐந்தாவது சிக்னலின் நிறத்தை இங்கிருந்து கணிப்பது பயனற்றது. அருகில் உள்ளவற்றுக்குக் கடிகாரம், தொலைவில் உள்ளவற்றுக்குச் சராசரி என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெரிய செயலிகள் சராசரியையே நம்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேற்கு ஐரோப்பாவின் சாலை வலை 1 கோடியே 80 லட்சம் புள்ளிகள் கொண்டது. டைக்ஸ்ட்ராவின் முறை அதில் ஒரு வழி தேடச் சில வினாடிகள் எடுக்கும். 2008இல் கார்ல்ஸ்ரூயே குழுவினர், முக்கியமற்ற புள்ளிகளை முன்னதாகவே சுருக்கிக் குறுக்குக் கோடுகள் போட்டுவைக்கும் முறையால் அதை ஒரு மில்லிவினாடி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். குறுக்குக் கோட்டுக்கு ஒற்றை எண் இருக்கும்வரை இது அருமையாக ஓடும். 120 வினாடிச் சிக்னலோ ஒரு நாளைக்கு 720 முறை ஏறி இறங்கும். பத்துச் சிக்னல்களைத் தாண்டும் ஒரு குறுக்குக் கோட்டில் அவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால், சேமித்து வைக்க இடம் போதாது. வேகம் வேண்டுமானால் சிக்னலைச் சராசரிக்குள் புதைத்தாக வேண்டும்.

பச்சை அலையும் அதன் வெளியாட்களும்

சராசரியில் மறையும் விஷயம் ஒன்று உண்டு: சிக்னல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுவது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1917லேயே ஆறு சந்திப்புகளின் விளக்குகளை இணைத்து ஒன்றாக இயக்கினார்கள். அதன் வளர்ச்சிதான் பச்சை அலை: மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி 500 மீட்டரை 50 வினாடியில் கடக்கும், அடுத்த சிக்னலின் பச்சையை 50 வினாடி தள்ளித் தொடங்கினால் நிற்காமல் போகலாம். சுழற்சி 100 வினாடியாக இருந்தால் எதிர்த்திசைக்கும் இது அப்படியே பொருந்தும். இடைவெளி 300 மீட்டர் என்றால் பொருந்தாது. ஒரு திசைக்குக் கொடுத்ததை மறுதிசையிடமிருந்து எடுக்க வேண்டும். இந்தப் பங்கீட்டை முறையான கணக்காக 1960களில் வகுத்தவர் ஜான் லிட்டில். வரிசைகளைப் பற்றிய புகழ்பெற்ற லிட்டில் விதிக்கும் அவரே சொந்தக்காரர். 1984 ஒலிம்பிக்குக்காகத் தொடங்கிய லாஸ் ஏஞ்சலிஸின் மையக் கட்டுப்பாடு, 2013இல் அந்நகரின் ஏறத்தாழ 4,400 சிக்னல்களையும் இணைத்து முடித்தது.

அலையோடு வருபவர் அடுத்த சிக்னலில் நிற்பதில்லை. பக்கத் தெருவிலிருந்து திரும்பி அந்தச் சாலையில் ஏறுபவரோ, அலை போன பிறகு வருவதால் அடுத்த சிவப்பில் போய் முட்டுகிறார். ஒரே சாலைத்துண்டு, இருவருக்கு இரு வேறு நேரம். எங்கிருந்து வந்தார் என்பதே வேறுபாடு. துண்டு துண்டாகச் சராசரி எடுத்துக் கூட்டும் கணக்கு இதைக் காணாது. கூகுள் மேப்ஸுக்காக டீப்மைண்ட் 2020இல் விவரித்த முறை அடுத்தடுத்த சாலைத்துண்டுகளைச் சேர்த்தே கற்றது. இப்படிப்பட்ட ஒட்டுறவுகளை அந்தப் போக்கில்தான் பிடிக்க முடியும்.

தானாக மாறும் சிக்னல்கள் வந்த பிறகு எதிர்காலம் இன்னும் மங்கலானது. சிட்னியின் ஸ்காட்ஸ், இங்கிலாந்தின் ஸ்கூட் இரண்டும் 1970களில் உருவானவை. சாலையில் பதித்த உணரிகளால் வண்டிகளை எண்ணிப் பச்சையை நீட்டவும் குறுக்கவும் செய்யும். திருவனந்தபுரத்தின் சி-டாக், தடம் பிரியாத நம் போக்குவரத்துக்கென்று கோசிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியது. 2011இல் சிக்னல்குரு என்ற ஆய்வு, கார்களின் முன்கண்ணாடியில் பொருத்திய கைப்பேசிகளின் கேமராவைக் கொண்டே விளக்குகளைப் படித்து அடுத்த மாற்றத்தைக் கணித்தது. நிலையான சிக்னல்கள் கொண்ட அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் பிழை சராசரியாக 0.66 வினாடி; தானாக மாறும் சிங்கப்பூரில் 2.45. போக்குவரத்துக்குத் தக்கபடி நடக்கும் சிக்னல், ஓட்டுநரின் கணிப்புக்கு அந்த அளவு நழுவுகிறது. நம் ஊரில் நெரிசல் நேரத்தில் காவலர் சிக்னல் பெட்டியைத் திறந்து கையால் இயக்கத் தொடங்கிவிட்டால், எந்தக் கேமராவும் எதையும் கணிக்க முடியாது.

எல்லோரும் கெட்டிக்காரர்கள் ஆனால்

இதுவரை ஒருவர் வழி தேடினார். எல்லோரும் ஒரே செயலியைப் பார்த்து ஓட்டும்போது கேள்வியின் தன்மையே மாறுகிறது. வார்ட்ராப் 1952இல் வகுத்தபடி, தத்தம் நேரத்தைக் குறைக்கப் பார்ப்பவர்கள், பயன்படுத்தும் வழிகள் எல்லாம் ஒரே நேரம் எடுக்கும் நிலையில் வந்து நிற்பார்கள். அது மொத்த நேரம் குறைந்த நிலையாக இருக்க வேண்டியதில்லை. புதுச் சாலை போட்டால் எல்லோருக்கும் நேரம் கூடலாம் என்று பிரேஸ் 1968இல் காட்டியது பலருக்கும் தெரியும். சிக்னல் சார்ந்த விபரீதம் அந்தளவு பேசப்படவில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

யார்க் பல்கலைக்கழகத்தின் மைக் ஸ்மித் 1979இல் ஓர் எளிய எடுத்துக்காட்டு கொடுத்தார். ஓர் அகலமான சாலை, அதைவிடச் சற்றுக் குறுகலான, ஆனால் நீளம் குறைந்த இன்னொரு சாலை. இரண்டும் ஒரு சிக்னலில் சேர்கின்றன. ஓட்டுநர்கள் நீளம் குறைந்ததை நாடுகிறார்கள். அங்கே வரிசை நீள்கிறது. வரிசைக்கேற்பப் பச்சையைப் பங்கிடும் சிக்னல், அந்தச் சாலைக்குக் கூடுதல் பச்சை கொடுக்கிறது. அதனால் அது இன்னும் விரைவாகிறது. இன்னும் பலர் வருகிறார்கள். கடைசியில் அகலச் சாலை காலியாகக் கிடக்க, குறுகல் சாலை திணறுகிறது. வலை சுமக்கக்கூடிய மொத்த வண்டிகளின் எண்ணிக்கையே குறைந்துபோகிறது. சிக்னலும் நியாயமாகத்தான் நடந்தது, ஓட்டுநரும் நியாயமாகத்தான் நடந்தார். ஸ்மித் சொன்ன தீர்வு, அகலச் சாலைக்கு வேண்டுமென்றே கூடுதல் பச்சை கொடுத்து ஆட்களை அங்கே இழுக்கும் ஒரு பங்கீட்டு விதி. அதாவது சிக்னல் வந்து நிற்பவர்களை மட்டும் பார்க்காமல், வரக்கூடியவர்களையும் நினைத்துப் பங்கிட வேண்டும். கைப்பேசி இல்லாத காலத்து எச்சரிக்கை இது. இன்று ஒரு பக்கம் செயலியும் மறுபக்கம் தானியங்கிச் சிக்னலும் நிமிடத்துக்கு நிமிடம் ஒன்றையொன்று பின்தொடரும்போது அதன் கனம் கூடியிருக்கிறது.

நியூ ஜெர்சியின் லியோனியா என்ற சிற்றூர் 2018 ஜனவரியில் நெரிசல் நேரங்களில் தன் உட்தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. அருகிலுள்ள பெரிய பாலத்துக்குப் போகும் வண்டிகளைச் செயலிகள் அவ்வூர் வீட்டு வாசல்கள் வழியாக அனுப்பியதே காரணம். சிக்னலைத் தவிர்க்கும் விரைவழி ஒவ்வொன்றும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தெரு.

சிக்னல் கணக்குகள் பெரும்பாலும் வண்டித் தாமதத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 50 பேர் நிற்கும் பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும் தாமதக் கூட்டலில் அவை அடைத்துக்கொள்ளும் சாலை அளவுக்கே எடை பெறுகின்றன. உள்ளே இருக்கும் ஆட்களின் அளவுக்கு அல்ல. நடந்து கடப்பவர் பல சூத்திரங்களில் வரவே இல்லை. வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 24 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 20 வினாடி வேண்டும். மூட்டு வலியுள்ள பெரியவருக்கு இன்னும் அதிகம். வண்டிகளின் விரைவழிக்காக ஒரு பச்சையை நீட்டும்போது அந்த 20 வினாடியிலிருந்து எடுக்கிறோமா என்பதைப் பொறியாளர் முதலில் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தகவலுக்கு வருகிறேன். ஹாம்பர்க் நகரம் தன் சிக்னல்களின் நிலையை நேரலையாக எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அதை வைத்து, அடுத்த பச்சையைப் பிடிக்க எந்த வேகத்தில் மிதிப்பது என்று சைக்கிள் ஓட்டுபவருக்குச் சொல்லும் செயலி அங்கே உருவானது. ஆடி நிறுவனத்தின் கார்கள் 2016இல் லாஸ் வேகஸில் தொடங்கி, சிவப்பு மாற இன்னும் எத்தனை வினாடி என்பதை ஓட்டுநர் முன் காட்டுகின்றன. பெங்களூர், கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் கூகுள் தன்னிடம் சேர்ந்த பயணத் தரவைக் கொண்டு சிக்னல் நேரங்களைத் திருத்தக் காவல்துறைக்குப் பரிந்துரை தருகிறது. மக்களின் கைப்பேசிகள் அளந்த தாமதம் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. சிக்னலின் நேரப் பட்டியல் அரசிடம் இருக்கிறது. சாலையில் நிற்பவரிடம் இரண்டும் இல்லை.

நிலையான நேரத்தில் ஓடும் ஒரு சிக்னலுக்கு வேண்டிய விவரம் ஒரே பக்கத்தில் அடங்கும்: சுழற்சி எவ்வளவு, ஒவ்வொரு திசைக்கும் எந்த வினாடியிலிருந்து எந்த வினாடிவரை பச்சை, நடப்பவர்களுக்கு எவ்வளவு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை இந்தத் திட்டம், அடுத்த சந்திப்போடு எத்தனை வினாடி இடைவெளி. கையால் இயக்கும் நேரங்களில் 'இப்போது காவலர் இயக்குகிறார்' என்ற ஒரு குறிப்பு போதும். ஒவ்வொரு மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து இந்தப் பக்கங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டால், அந்த 2 வினாடி என்ற எண்ணுக்குப் பதிலாக அந்தந்தச் சந்திப்பின் உண்மையான எண்ணைக் கல்லூரி மாணவர்களே எழுதிவிடுவார்கள். நடப்பவருக்கு எந்தச் சந்திப்பில் நேரம் போதவில்லை என்பதும் அதே பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.